வீட்டுக்காரர் குரலை வைத்து ஸ்பீக்கர் வாங்கினேன்

இருபத்தைந்து வருஷமாக, பிறர் பேசுவதைக் கேட்டு மார்க் போட்டுப் பிழைக்கிறேன். வாஷிங் மெஷின் சுற்றவில்லை, ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று ஜனங்கள் போன் செய்து திட்டுகிற கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. திட்டு வாங்குவது வேறு ஆட்கள். அவர்கள் வாங்கி முடித்தபின் அந்தப் பதிவைக் கேட்டு, ஒழுங்காகப் பதில் சொன்னார்களா என்று பத்துக்கு இத்தனை என்று எழுதுவதுதான் என் பங்கு. வணக்கம் சொன்ன விதத்துக்கு இரண்டு, குறுக்கே பேசாமல் கேட்டதற்கு இரண்டு, குரலில் இருக்கிற கனிவுக்கு மூன்று, விஷயத்தைச் சரியாகச் சொன்னதற்கு இரண்டு, முடித்த விதத்துக்கு ஒன்று.

ஒரு நாளைக்கு அறுபது பதிவுகள் கேட்கவேண்டும். உள்ளபடி கேட்டால் பொழுது போதாது, அதனால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்போம். இப்படிக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் பேசுவது போலவே எனக்கு இருக்கும். ஆபீசில் முகத்துக்கு நேரே என்னை மேடம் என்பார்கள். நான் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மார்க் அக்கா.

வேலையை ஆபீசில் விட்டுவிட்டு வருகிற சாமர்த்தியம் எனக்கு வரவே இல்லை. தண்ணீர் கேன் போடுகிறவருக்கு ஏழு. வணக்கம் கிடையாது, ஆனால் கனிவு உண்டு. கீழ்வீட்டுக்காரர் நான்கு. என் தங்கை ஒருநாள் போன் செய்து, தன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றாள். "சந்தோஷம். ஆனா விஷயத்துக்கு வர ரெண்டு நிமிஷம் எடுத்துக்கிட்டே" என்றேன். அதன்பிறகு நான்கு மாதம் அவளிடமிருந்து போனே வரவில்லை. என்ன கோபமோ என்று நான் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். ஐம்பது குழந்தைகள் பின்னால் கத்திக்கொண்டிருக்க, கண்ணாடியில் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்குகிற ஆள். வீட்டில் அந்தப் புருவத்தைக்கூட அதிகம் தூக்குவதில்லை. நாலரைக்கு வந்துவிடுவார். நான் வருகிற ஆறரைக்குள் சமையலை முடித்து, துணியை மடித்து, மோட்டார் போட்டு வைத்திருப்பார். எங்கள் ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் அவர் தனக்கென்று கேட்ட பொருட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம், அதிலும் இரண்டு விரல் மிச்சமிருக்கும்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "வீட்ல ஒரு ஸ்பீக்கர் வாங்கலாமா? வயர் எல்லாம் இல்லாம வருதே, அது. வேலை செய்யறப்ப சும்மா பாட்டு ஓடட்டும்."

"எந்த மாதிரி?"

"என்னமோ ஒண்ணு. சத்தமா இருந்தா போதும்."

சத்தமாக இருந்தால் போதுமாம்! இருபத்தைந்து வருஷமாகக் காதை வைத்துப் பிழைப்பவள் வீட்டில், சத்தமாக இருந்தால் போதும் என்று ஒருவர் சொல்வதா? பொறுப்பை அந்த நிமிஷமே நான் எடுத்துக்கொண்டேன். யாரும் என்னிடம் கொடுக்கவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

மூன்று மாதம் ஆயிற்று. நெட்டில் முன்பின் தெரியாதவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். எந்தத் தலைப்புகளில் மார்க் போடுவது என்று யோசித்தபோது, கைவசம் இருப்பதை விட்டு வேறெங்கே தேடுவது என்று ஆபீஸ் தலைப்புகளையே எழுதிவிட்டேன். ஆச்சரியம், எல்லாம் பொருந்தின. சில ஸ்பீக்கர்கள் பட்டனை அமுக்கினதும் ஒரு பெண் குரலில் தயார் என்று சொல்லும், சில வெறுமனே பீப் என்று கத்தும். அது வணக்கத்தில் சேரும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற மணிக்கணக்குக்குச் சார்ஜ் நிற்கிறதா என்பது விஷயத்தைச் சரியாகச் சொன்னதில் சேரும். போனைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனால் பாட்டு விட்டு விட்டு வருகிறதா என்று பார்ப்பது குறுக்கீட்டில் சேரும். சார்ஜ் தீரும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டு அணைகிறதா, பாதி வரியில் மயங்கி விழுகிறதா என்பதற்கு முடித்த விதத்தில் ஒரு மார்க்.

மிச்சம் இருந்தது கனிவு. மூன்று மார்க்குக்கு உரிய விஷயம். அதைப் பாட்டை வைத்துச் சோதிக்க எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாட்டு என்றால் பின்னால் பத்து வாத்தியம் போட்டுக் குறையை மூடிவிடுவார்கள். எனக்குத் தெரிந்தது மனிதக் குரல். அதுவும் நன்றாகப் பழகிய குரலாக இருந்தால்தான் ஸ்பீக்கர் அதில் கலப்படம் செய்கிறதா என்று கண்டுபிடிக்க முடியும். ஆகவே ஒருநாள் மாலை போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஏதாவது பேசுங்க."

"என்ன பேச?"

"எதையாவது. அரை நிமிஷம் பேசுங்க. ஸ்பீக்கருக்கு."

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மோட்டார் போட்டாச்சு. தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. பால்கனியில துணி காயுது. மழை வர்ற மாதிரி இருக்கு, எடுத்துடவா? உருளைக்கிழங்கு தீர்ந்துபோச்சு. போதுமா?"

நான் பதிவை நிறுத்துவதற்குள் அவர் திரும்பிப் போய்விட்டார். அதனால் கடைசியில் இரண்டு மூன்று விநாடி ஏதோ முனகல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னணி இரைச்சல் என்று அதை வெட்டி எறிந்துவிட்டு, சுத்தமான பகுதியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பிறகு கடை கடையாக ஏறினேன். ஐந்து கடை, பதினொரு ஸ்பீக்கர். மற்றவர்கள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டே தேர்ந்தெடுக்கிற இடத்தில், நான் மட்டும் கண்ணை மூடி நிற்க, கடை முழுவதும் என் வீட்டுக்காரர் குரல் மோட்டார் போட்டுவிட்டதாக அறிவித்துக்கொண்டிருக்கும். ஒரு பெரிய கறுப்பு ஸ்பீக்கரில் அவர் குகைக்குள்ளிருந்து பேசினார். இன்னொன்றில் சளி பிடித்திருந்தது. தண்ணீரில் போட்டாலும் கெடாது என்று காட்டிய ஒன்றில், நிஜமாகவே தண்ணீருக்குள்ளிருந்துதான் பேசினார்.

ஐந்தாவது கடைக்காரர் என்னோடொத்த வயதுக்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். உருளைக்கிழங்கு தீர்ந்துபோனதை நாலு தடவை கேட்டபிறகு அவருக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இது பாட்டு கேக்கறதுக்கா, சாரைக் கேக்கறதுக்கா?"

"பாட்டு கேக்கத்தான். குரல் தெளிவா வருதான்னு பாக்கறேன்."

"அதுக்கு அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாமே. அவருக்குப் பிடிச்ச பாட்டைப் போட்டுப் பாத்திருப்போம்."

"அவருக்குச் சத்தமா இருந்தா போதும்னு சொல்லிட்டார். அவரை நம்பினா ஆகுமா?"

"ஆகாதுதான் மேடம்" என்று கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். இந்தப் பதிலுக்குக் கனிவில் முழு மார்க் போட்டேன். இப்போது யோசித்தால் அது கனிவு இல்லை என்று படுகிறது.

அங்கேதான் கிடைத்தது. சாம்பல் நிறத்தில், இரண்டு செங்கல் அளவு. அதில் என் வீட்டுக்காரர் பேசியபோது எனக்கு ஒரு நிமிஷம் அவர் கடைக்குள் வந்துவிட்டாரோ என்று தோன்றிற்று. "எடுத்துடவா" என்பதில் கடைசியில் அவர் சன்னமாக இழுப்பாரே, அதுகூட வந்தது. பத்துக்கு ஒன்பதரை. சரித்திரத்திலேயே நான் யாருக்கும் ஒன்பதரை போட்டதில்லை.

ஹாலில் புத்தக அலமாரியின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். சாண் கணக்கும் படித்ததுதான். அவர் ஒரு பாட்டைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுசாகக் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கு" என்றார்.

"எவ்வளவு நல்லா?"

"ரொம்ப நல்லா இருக்கு. ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது."

ஒரு வாரம் ஓடிற்று. இரண்டாம் வாரம் நான் வரும்போது ஸ்பீக்கர் அணைந்திருந்தது. மூன்றாம் வாரம் அதன் தலையில் தூசி. ஏன் போடுவதில்லை என்று கேட்டேன்.

"ரொம்பத் தெளிவா இருக்கும்மா" என்றார்.

"அது ஒரு குறையா?"

"குறைன்னு நான் சொல்லலையே."

அடுத்த வாரம் சமையலறையில் ஒரு புது ஜீவன் உட்கார்ந்திருந்தது. வாளி மாதிரி உருண்டையாக, ஒரு பக்கம் நசுங்கி, முன்வலை கிழிந்து தொங்கிக்கொண்டு. பஸ் ஷெட்டில் இன்னொரு டிரைவர் தூக்கிப் போட இருந்ததாம், இவர் கேட்டு வாங்கி வந்தாராம். பட்டனை அமுக்கினால் வணக்கமும் கிடையாது, பீப்பும் கிடையாது, உள்ளே எதுவோ உருண்ட மாதிரி டொக் என்றது. பாட்டுப் போட்டால் முதலில் தரை அதிர்ந்தது, பிறகு கரண்டிகள் அதிர்ந்தன, அதற்கெல்லாம் அடியில் எங்கோ யாரோ பாடுகிற மாதிரி இருந்தது. பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் சார்ஜ் போனதும் சத்தமில்லாமல் செத்துப்போகிற அடக்கத்துக்காக.

அதைத்தான் அவர் தினமும் போட்டார். அதுவும் நான் இல்லாதபோது மட்டும். நான் தெருவில் வருவது பால்கனியிலிருந்து தெரிந்ததும் டொக் என்று அணைத்துவிடுவார் போல, நான் உள்ளே வந்து தொட்டால் சூடு மட்டும் மிச்சமிருக்கும். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. மூன்று மாதம் நாயாக அலைந்து வாங்கி வந்ததைத் தூசி படிய விட்டுவிட்டு, குப்பைக்குப் போகவேண்டியதைக் கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று கோபம். கோபத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது, சொன்னால் என்ன? நான் இல்லாத நேரம்தான் இந்த மனுஷனுக்கு நல்ல நேரமாக இருக்கிறது என்கிற பயம். அதைக் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கு ஆபீசில் கம்ப்யூட்டர்கள் மொத்தமாக நின்றுவிட்டன. கேட்கப் பதிவே இல்லை. எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்து மணிக்கு எங்கள் கட்டடத்தின் படியேறிக்கொண்டிருந்தேன். வீடு மூன்றாம் மாடி. இரண்டாம் மாடியிலேயே வாளியின் அதிர்வு காலில் ஏறிற்று. அதோடு ஒரு ஆண் குரலும் கேட்டது. பாட்டுப் பாடுகிறவர் குரல் என்றே நினைத்தேன். வாளியில் குரல் இவ்வளவு நன்றாகக் கேட்கிறதே, நாம் மார்க் குறைத்துப் போட்டுவிட்டோமோ என்றுகூட ஒரு நொடி வருத்தப்பட்டேன்.

பிறகு அந்தக் குரல் இரண்டாம் சரணத்தை முதலில் பாடிற்று. பாட்டு அதன் போக்கில் முதல் சரணத்தில் இருந்தது. வார்த்தை தெரியாத இடத்தில் குரல் கொஞ்சமும் கூச்சமில்லாமல் "தனனா தனனா" என்று போட்டு நிரப்பிற்று. பாட்டு உச்சிக்கு ஏறியபோது குரல் ஏறவில்லை. கீழேயே நின்றுகொண்டு, பாட்டு திரும்பி இறங்கி வருகிறவரை காத்திருந்து, வந்ததும் சேர்ந்துகொண்டது.

என் வீட்டுக்காரர் பாடிக்கொண்டிருந்தார். வீட்டில் பேசுகிற குரலை விட அது இரண்டு மடங்கு பெரியது. பஸ்ஸை நிறுத்திவிட்டு எட்டிக் கூப்பிடுகிறவர் குரல் மாதிரி திறந்து கிடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கை பைக்குள் பேனாவைத் தேடிற்று.

அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டேன். "அப்பா பாடறார்டி" என்றேன் ரகசியமாக.

"சரி. அதுக்கென்ன இப்போ?"

"அதுக்கென்னவா? உனக்குத் தெரியுமா?"

"அப்பா எப்பவும் பாடுவாரேம்மா. சின்ன வயசுல நான் அவர் பஸ்லதானே வருவேன். பசங்க எல்லாம் இறங்கினதும் ஆரம்பிச்சுடுவார். ஷெட் வர்ற வரைக்கும் முக்கால் மணி நேரம். நான் கூடத் தாளம் போடுவேன்."

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

"நீதான் ஆறு குடுத்தியாமே" என்றாள்.

"என்ன ஆறு?"

"பத்துக்கு ஆறு. கல்யாணமான புதுசுல. அவர் பாடினப்ப." பிறகு அவளே தொடர்ந்தாள். "இப்போ ரூட்டை மாத்திட்டாங்களாம்மா. கடைசியா இறங்கற குழந்தை வீடு ஷெட்டுக்கு எதிர்லயே இருக்காம். பாட இடமே இல்லாம போச்சு. அதான் உன்கிட்ட ஸ்பீக்கர் கேட்டார். நீ வாங்கினதுல அவர் குரல் தனியா கேக்குதாம், தப்புத் தப்பாப் பாடறது அவருக்கே தெரியுதாம். சத்தமா ஒண்ணு இருந்தா அதுக்குள்ள ஒளிஞ்சுக்கலாம்னு பாத்திருக்கார்."

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. முதல் வாடகை வீடு, ஒற்றை அறை. அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பாடினார். நான் படுத்துக்கொண்டு கேட்டேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "ஆறு" என்றேன். "சுருதி கொஞ்சம் இறங்குது. ஆனா கனிவு இருக்கு." ஆசையாகத்தான் சொன்னேன். அந்த வருஷம் ஆபீசில் என்னிடம் ஒருவர்கூட ஐந்தைத் தாண்டியதில்லை. இது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் சிரித்தார், சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். அதற்குப் பிறகு அவர் பாடியது எனக்கு நினைவில் இல்லை. பாடாததும் நினைவில் இல்லை. மார்க் போட்டுவிட்டால் நான் அடுத்த பதிவுக்குப் போய்விடுவேன்.

போனை வைத்துவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தேன். அது கிலுங்கிற்று. அந்தச் சத்தத்தில் அவர் நிறுத்திவிடுவாரே என்று சட்டென்று கைக்குள் இறுக்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தேன். மேல்மாடிக்காரம்மா துணிக்கூடையோடு இறங்கி வந்தார்.

"என்ன இங்க உக்காந்துட்டீங்க? சாவி இல்லையா?"

"இருக்கு."

அவர் எங்கள் கதவைப் பார்த்தார். "சார் இன்னிக்கு நல்ல மூட்ல இருக்கார் போல. நேத்து இதை விடச் சுமார்தான்" என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி இறங்கிப் போனார். கட்டடம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருத்திக்குத்தான் தெரியவில்லை.

பாட்டு முடிந்தபின் எழுந்து, காலை மிதியடியில் பலமாகத் தேய்த்து, சாவியைப் பூட்டில் நாலு தடவை தவறாகப் போட்டுத் திறந்தேன். உள்ளே டொக் என்றது. "சீக்கிரம் வந்துட்டியே" என்றார். சொல்ல நினைத்தது நிறைய இருந்தது. நன்றாகப் பாடுகிறீர்கள் என்று சொல்லலாம். ஆனால் அதுவும் மார்க்தானே? என் வாயில் வருகிற எதுவும் மார்க்காகத்தான் வரும். "டீ இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அன்று அவர் பால்கனிக்குப் போனபோது போனில் அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்தேன். நான் வெட்டி எறிந்த முனகல் என்ன பாட்டு என்று கேட்கவேண்டும் போலிருந்தது. "போதுமா?" என்பதோடு பதிவு நின்றது. பதினொரு ஸ்பீக்கரில் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். அழுகை வந்தது, உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து வர ஆரம்பித்தேன், அவருக்குக் கூடுதலாகக் கால் மணி நேரம் கிடைக்கட்டும் என்று. பிறகு, நான் இருக்கும்போதும் வாளியைப் போடச் சொன்னேன். போட்டார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. சத்தம் போதவில்லையோ என்று நானும் என்னால் ஆனதைச் செய்தேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன், பாத்திரங்களை இடித்து இடித்துக் கழுவினேன். ஒருநாள் மிக்சியை ஓடவிட்டேன்.

"என்ன அரைக்கறே?" என்று எட்டிப் பார்த்தார்.

"சும்மா."

அவர் மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அந்தப் புருவம் ஒன்று மட்டும் மேலே போயிற்று.

இப்படியே ஐந்து வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் தொட்டியருகே நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார், நான் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாளி அதிர்ந்துகொண்டிருந்தது. அன்று படியில் கேட்ட அதே பாட்டு வந்தது. முதல் வரி போனது. இரண்டாவது வரியில், மிக மெலிதாக, அவர் குரல் சேர்ந்துகொண்டது. தன்னை அறியாமல் வந்திருக்கவேண்டும், வந்த வேகத்தில் அறுந்தது. நான் திரும்பவில்லை. கையில் இருந்த கீரைத்தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு வார்த்தை தெரியாத அந்த இடம் வந்தது. எனக்கு அந்த வார்த்தைகள் தெரியும். அட்சரம் பிசகாமல் தெரியும், அதுதானே என் பிழைப்பு. வாயைத் திறந்து "தனனா தனனா" என்றேன்.

பள்ளிக்கூடத்தோடு விட்ட பாட்டு. குரல் பிசிறிற்று, சுருதி எந்த ஊருக்கோ போயிற்று, தனனாவிலேயே ஒரு தனனா அதிகமாக விழுந்தது. பின்னால் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. காதெல்லாம் சூடாகி, அப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு. மனுஷன் இருபத்து நான்கு வருஷம் இப்படித்தான் இருந்திருப்பார்.

அடுத்த தனனாவை அவர் எடுத்தார். மெல்லத்தான் எடுத்தார், பிறகு பெரிதாக்கினார். சரணத்தை இடம் மாற்றிப் பாடினார், நானும் அப்படியே மாற்றிப் பாடினேன். உச்சி வந்தபோது இரண்டு பேரும் கீழேயே நின்றுகொண்டோம்.

பாட்டு முடிந்தது. பழக்கதோஷம், எனக்கு எத்தனை போடுவார் என்று கீரையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, அடுத்த பாட்டைப் போட்டார்.